சம்பூர்ப் பிள்ளையும் சர்வகலாசாலையும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, அவர் என்னிடம் பழைய நினைவுகளையே எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆசிரியர் கையிற் பிரம்பு, விடுதிச்சாலைப் பருப்புக்கறி, உதைபந்தாட்டத்திலே நாம் பெற்ற வெற்றிகள் ஆகியன பற்றி எழுதுதற்கு என்னிலும் வல்லார் பலர் உளர். இம்மலரிலேயே அவை நிரம்ப இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் எழுதப் புகுந்தது வேறொன்று. அது சிலருக்கு உவப்பாக இராது. விழாக்காலத்திலே சொல்லப்படும் சொல்லுக்குச் சற்றுக் கூடுதலாகச் செவி கிடைக்கும் என்னும் நம்பிக்கையினாலே துணிந்து எழுதுகின்றேன்.

ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளும் வந்த பின்னர், நம் போன்ற சங்கங்கள் ஒரு பாராட்டு விழா நடத்துவது வழக்கமாகிவிட்டது. வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவான மாணாக்கர் மேடையில் அமர்த்தப்படுகின்றனர். மாலை உண்டு, பொன்னாடை உண்டு, கேடயம் உண்டு. கடித உறையிலே சிறு தொகையும் உண்டு. பெற்றோர் கண்கலங்குகின்றனர். நானும் அத்தகைய மேடைகளிலே பேசியிருக்கின்றேன். முதியவன் என்பதனாலே கொடுத்த நேரத்துக்கு மேலும் பேசியிருக்கின்றேன். அவ்விழாக்களை இகழ்தல் என் நோக்கமன்று. அந்த மேடைகளிலிருந்து கீழிறங்கும்போதெல்லாம் என் மனத்திலே எழும் கேள்வி ஒன்றே. இங்கே அமர்ந்திருந்தோருள் குடாவின் அக்கரையிலிருந்து வந்தவர் எத்தனை பேர்?

அக்கரை என்று நான் சொல்வது கொட்டியாரக் குடாவின் தென்கரையை. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் அந்தப் பக்கத்தைப் பழையோர் கொட்டியாபுரப் பற்று என்பர். 1660ஆம் ஆண்டிலே ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டதும் அப்பக்கத்திலேதான். மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவு, சம்பூர் என்று ஊர்கள் அங்கே நிரையாகக் கிடக்கின்றன. சம்பூர்க் கரையிலே நின்றாற் பட்டினத்துத் துறைமுகத்தின் விளக்குகள் இரவிலே தெளிவாகத் தெரியும். சிறுவயதிலே அவ்விளக்குகளை எண்ணிப் பார்ப்பது எமக்கு ஒரு விளையாட்டு. கண்ணுக்கு அத்துணை அண்மையில் இருந்த பட்டினம் காலுக்கு எத்துணைத் தொலைவு என்பதை அறிந்தது பின்னர்.

என்னோடு சம்பூரிலே ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய மக்கள் இன்றும் ஊரிலே இருக்கின்றனர். கணக்கிலே அவர் எனக்கு ஆசிரியர் என்றே சொல்லலாம். நான் தாளிலே எழுதிக் காணும் விடையை அவர் வானத்தைப் பார்த்தபடி சொல்லிவிடுவார். இருவரும் ஒரே ஆண்டிலே பட்டினத்துக்குப் படிக்க வந்தோம். சம்பூரிலிருந்து மூதூர் வரை மாட்டுவண்டி. மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்சு. வாடைக்காற்றுக் காலத்திலே லோஞ்சு ஓடாத நாள்களும் உண்டு. ஆதலால் நாள்தோறும் வந்து போவது நடவாத காரியம். விடுதிச்சாலையிலே தங்கியே ஆகவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். என் தந்தையார் எருமை இரண்டை விற்றார். அவருடைய தந்தையாருக்குச் சிறிது வயலும் ஒரு தோணியும் இருந்தன.

1964ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே அடித்த சூறாவளியைத் திருக்கோணமலையார் எவரும் மறந்திரார். விடுமுறைக்காக ஊருக்குச் சென்றிருந்த நாங்கள் அதை அங்கேயே கண்டோம். தோணி போயிற்று. வயலிலே நின்ற பயிரும் போயிற்று. 1965ஆம் ஆண்டு சனவரியிலே நான் என் தகரப் பெட்டியோடு லோஞ்சில் ஏறினேன். அவர் ஏறவில்லை. மூதூர்த் துறை வரை வந்து, என் பெட்டியைத் தூக்கித் தந்துவிட்டுத் திரும்பினார். நான் 1968ஆம் ஆண்டிலே பேராதனைக்குச் சென்றேன். அங்கே எனக்கு உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அவர் கமக்காரராகவே வாழ்ந்து, 2006ஆம் ஆண்டு ஊர் பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, நலன்புரி நிலையம் ஒன்றிலே காலமானார்.

இதனை இரக்கம் வேண்டி எழுதவில்லை. அவருக்கும் எனக்கும் இடையே இருந்த வேறுபாடு எதிலே இருந்தது என்பதைக் காட்டவே எழுதினேன். அறிவிலே இருந்த வேறுபாடு அவர் பக்கமே. கல்லூரிக் கட்டணத்திலும் வேறுபாடில்லை. அக்காலத்தில் இருவருக்கும் அது இல்லை. சோற்றுக்கும் படுக்கைக்கும் கொடுக்கவேண்டிய விடுதிப் பணம் ஒன்றே எங்களைப் பிரித்தது. பேராதனையிலே எனக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்திலே ஒரு பகுதி மூன்றாண்டு முன்னதாக அவருக்குக் கிடைத்திருந்தால் பேராதனைக்கு இருவர் போயிருப்போம்.

புலமைப்பரிசிலின் வரலாற்றைச் சற்றே பார்த்தல் இங்கே பயன்படும். நம் நாட்டிலே சர்வகலாசாலை இல்லாத காலத்தில், மிகச் சிறந்த மாணவரைத் தெரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அரசாங்கப் புலமைப்பரிசில் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1870ஆம் ஆண்டிலே அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அருணாசலம் போன்றார் பின்னர் இலங்கைக்கே ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று பாடுபட்டதனாற்றான் 1921இல் யூனிவர்சிற்றிக் கல்லூரியும் 1942இல் இலங்கைச் சர்வகலாசாலையும் தோன்றின. அந்தச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இலே அமர்ந்தவர் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் என்பதைக் கிழக்கு மாகாணத்தார் சொல்லிச் சொல்லி மகிழ்வோம், மகிழ்வதிலே தவறில்லை. ஆயின் அடிகள் பணிசெய்த இராமகிருஷ்ண சங்கத்தார் பாடசாலை நடத்தியதோடு அமையவில்லை. கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தோடு மாணவர் இல்லத்தையும் நடத்தினர். ஏழைப்பிள்ளைக்குப் பாடம் சொல்லுமுன் அவனுக்கு உறைவிடம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கன்னங்கராவும் அறிந்திருந்தார். 1943ஆம் ஆண்டின் கல்வி விசேட குழு அறிக்கையும், 1945 ஒக்டோபர் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அவர் பெயரை நிலைநிறுத்தின. எல்லாரும் அதனைக் கட்டணம் நீக்கிய சட்டமாகவே நினைவுகூர்கின்றனர். அவர் நிறுவிய மத்திய கல்லூரிகளை மறந்துவிடுகின்றனர். ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்து, தேறிய கிராமப் பிள்ளையை அக்கல்லூரிக்கு அழைத்து, விடுதியிலே வைத்து உணவளித்துப் படிப்பித்தார்களே, புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கு அன்று அதுவே பொருள். இன்றைக்கு ஐந்தாந் தரப் பரீட்சை பத்து வயதுக் குழந்தைகளை வருத்துகின்ற ஒரு பந்தயமாகிவிட்டது. தேறிய பிள்ளைக்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட 750 ரூபாவை 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அறிவித்தனர். அத்தொகையிலே எந்த விடுதியிலே எந்தப் பிள்ளை உண்டு உறங்கும் என்று கேட்பாரில்லை.

மறுமுனையிலே மகாபொல இருக்கின்றது. அச்சிங்களச் சொல்லுக்குப் பெருஞ்சந்தை என்பது பொருள். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி ஊர்தோறும் நடத்திய சந்தைக் கண்காட்சிகளிலிருந்து வந்த பெயர் அது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே நிதியமாக நிலைபெற்றது. அதனாற் படித்தோர் எண்ணற்றோர். நன்றியோடு சொல்லவேண்டியதே. 2025இன் அறிவிப்பின்படி அத்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாயிற்று. பல்கலைக்கழகத்துள் நுழைந்த பிள்ளைக்கு, போதியதோ போதாததோ, இப்படி ஏதேனும் உண்டு. ஐந்தாந் தரத்திலே தேறிய பிள்ளைக்கும் ஏதேனும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை, உயர்தர வகுப்பிலே இருக்கின்ற ஏழைப்பிள்ளையின் நிலைமைதான் எனக்குக் கவலை தருகின்றது. பல்கலைக்கழகத்துக்கு யார் போவார், யார் போகார் என்பது தீர்மானமாகும் காலம் அதுவே.

அக்காலத்திலேதான் குடா குறுக்கே நிற்கின்றது. நாட்டிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள. கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலைகள் அவற்றுள் ஏறக்குறைய ஆயிரமே. அந்த ஆயிரத்திலும் மூன்று பாடங்களுக்கும் தகுதிவாய்ந்த ஆசிரியர் ஆண்டு முழுவதும் இருக்கின்ற பாடசாலை எத்தனை என்பதை ஆசிரியத் தொழிலிலே இருப்போர் சொல்லக் கேட்கவேண்டும். பௌதிகத்துக்கு ஒருவர் வருவார். வந்த இரண்டாந் தவணையிலேயே இடமாற்றம் கேட்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் பட்டினத்திலே குடும்பம் இருக்கும். பட்டினத்துப் பிள்ளைக்கு அந்தக் குறை ஏற்பட்டாற் பின்னேரம் தனியார் வகுப்பு இருக்கின்றது. கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவிலே சேர்ந்துவிடுகின்றது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் கருதுவதாக எவரும் கொள்ளவேண்டாம். விரும்பிச் சேர்வது வேறு, வேறு வழியின்றிச் சேர்வது வேறு.

இவ்விடத்திலே மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தரப்படுத்தல் என்னும் பெயரைக் கேட்டாலே நம்மவர் கொதிப்படைவர். அதற்குக் காரணமும் உண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியிலே, வைத்தியத் துறைக்குத் தமிழ் மூல மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்கள மூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. ஒரு தலைமுறையின் மனத்தை முறித்த அநீதி அது. 1974இலே வந்த மாவட்டப் பங்கீடு யாழ்ப்பாணத்து மாணவரை எவ்வாறு வருத்திற்று என்பதும் ஊரறிந்தது. ஆயினும் உண்மையை உள்ளபடி சொல்வதானால், திருக்கோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களிலே தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அந்த வாயிலாலேயே உள்ளே போயினர். அவர்களுட் சிலர் இம்மலரைப் படித்துக்கொண்டிருப்பர். பேச்சு மேடைகளிலே இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்பவரை நான் அதிகம் கண்டதில்லை.

இன்றைய முறைப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 இடம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. திருக்கோணமலை அந்தப் பதினாறிலே ஒன்று. 2001 முதல் இசட் புள்ளி முறையும் வந்தது. இவை யாவும் மாவட்டத்தை ஒரே அலகாகக் கொள்கின்றன. அரசடிச் சந்தியிலே பிறந்த பிள்ளைக்கும் சம்பூரிலே பிறந்த பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. பட்டினத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் மாவட்டத்துக்கு உரிய இடங்களைப் பெரிதும் நிரப்பிவிட, பின்தங்கிய மாவட்டம் என்ற பெயருக்குக் காரணமாயிருந்த கிராமங்கள் பின்தங்கியே நிற்கின்றன. கொழும்பின் முன்னே நாம் எந்த நியாயத்தைக் கேட்டோமோ, அதே நியாயத்தைச் சம்பூர் நம் முன்னே கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பட்டினத்துப் பிள்ளையின் இடத்தைப் பறித்துக் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. அவரும் உழைத்தே பெறுகின்றார். பந்தயத்தின் தொடக்கக் கோட்டுக்கு மற்றவரும் வந்து சேர வழி செய்யும்படியே சொல்கின்றேன்.

சம்பூர்ப் பிள்ளைகள் கடந்து வந்த பத்தாண்டைப் பற்றியும் நம்மிற் பலர் முழுமையாக எண்ணிப் பார்த்ததில்லை. 2006 ஏப்பிரல் மாதத்துக் குண்டுவீச்சோடு மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். அவ்வாண்டு செத்தெம்பரிலே படையினர் ஊரைக் கைப்பற்றினர். 2007 மே மாதத்திலே அது உயர்பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டது. பின்னர் அனல் மின்னிலையத்துக்கும் கைத்தொழிலுக்கும் உரிய நிலமாகக் குறிக்கப்பட்டது. கடற்படை முகாமும் அங்கே அமைந்தது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களிலே தகரக் கொட்டில்களில் இருந்தனர். 2015ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னரே நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. 2016இலே முகாம் நிலமும் விடப்பட்டது. அனல் மின்னிலையத் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

இந்த ஆண்டுகளை அரசியற் கணக்காக மட்டும் பாராமற் பாடசாலைக் கணக்காகப் பாருங்கள். 2006 சனவரியிலே முதலாந் தரத்திற் சேர்ந்த சம்பூர்க் குழந்தை 2016 திசெம்பரிலே சாதாரண தரப் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கும். எழுத்தறிவித்த நாள் முதல் பத்தாந் தரம் வரை அக்குழந்தையின் கல்வியிற் பெரும்பகுதி கொட்டிலிலும் இரவற் கட்டடத்திலுமே நடந்தது. இரவிலே விளக்கில்லை, புத்தகம் வைக்க மேசையில்லை, தந்தைக்கு உழ நிலமில்லை. ஊர் திரும்பியபோது வீடும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. அப்பிள்ளை உயர்தரம் படித்து முடித்துப் பல்கலைக்கழகத்தை எதிர்நோக்கியிருந்தபோது கொவிட் நோய்க்காலம் வந்தது. இத்தனையையும் தாண்டிச் சம்பூரிலும் அயலூர்களிலும் இருந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் உளர். அவர்களை நான் கண்டு பேசியிருக்கின்றேன். ஒரு பெண் என்னிடம் சொன்னது நினைவிருக்கின்றது. "ஐயா, அனுமதிக் கடிதம் வந்த அண்டைக்கு அம்மா அழுதா. சந்தோசத்திலை எண்டு நினைச்சன். பிறகுதான் தெரிஞ்சுது, பஸ் காசுக்கு ஆரிட்டைக் கேக்கிற எண்டு யோசிச்சு அழுதிருக்கிறா."

போக்குவரத்து முன்னைப்போல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். 2009 ஒக்டோபரிலே திறந்த கிண்ணியாப் பாலமும் அதன் பின் வந்த ஏனைய பாலங்களும் குடாவைச் சுற்றித் தரைவழியாக வருவதை எளிதாக்கின. ஆயினும் நாள்தோறும் அதிகாலையிலே புறப்பட்டு, பட்டினத்திலே படித்து, பின்னேர வகுப்பும் முடித்து, இருட்டிய பின் ஊர் சேர்வது பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆகுமா? பெண்பிள்ளையாயின் பெற்றோர் இசைவரா? பாலம் முடியாத இடங்களிலே நேர்ந்ததையும் கண்டோம். 2021 நவம்பர் 23ஆந் தேதி குறிஞ்சாக்கேணியிலே இழுவைப் படகு கவிழ்ந்து, காலையிலே பாடசாலைக்குப் புறப்பட்ட சிறாரும் மாண்டனர். அன்று நான் பத்திரிகையைப் பாதியிலே மடித்து வைத்துவிட்டேன்.

ஆதலாற் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இது. நாம் திரட்டும் பணத்திலே பெரும்பகுதியை வென்றவரைப் பாராட்டுவதிலிருந்து எடுத்து, உயர்தர வகுப்பிலே இருக்கும் அக்கரைப் பிள்ளைகளின் உறைவிடத்துக்கும் உணவுக்கும் செலவிடுவோம். ஒரு சங்கத்தின் பாராட்டு விழாக் கணக்கை அண்மையிலே பார்க்க நேர்ந்தது. மண்டபம், ஒலிபெருக்கி, அலங்காரம், மதியவுணவு, கேடயம் எனப் போனது போக, மேடையேறிய பிள்ளைகளின் கைக்குச் சென்றது சிறு பங்கே. அந்த விழாவை ஒரு மாலைத் தேநீரோடு முடித்திருந்தால் இரண்டு பிள்ளைகளை ஓராண்டு விடுதியிலே வைத்திருக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன எனக்குத் தெரியும். விழா ஏனைய மாணவருக்கு ஊக்கம் தருகின்றதே என்பர். தரும்; ஆனால் மண்டபத்திலே முன்வரிசையில் அமரக்கூடிய மாணவருக்கே தரும். கிராமத்துக்கு நல்லாசிரியரை அனுப்புவதே முறை, பிள்ளைகளைப் பட்டினத்துக்கு இழுப்பது கிராமப் பாடசாலையை வெறுமையாக்கும் என்பது இன்னொன்று. இவ்வாதத்தை நான் மதிக்கின்றேன். மூதூர் வலயத்திலே கணித, விஞ்ஞான ஆசிரியர் நிரம்ப இருந்து, சம்பூர்ப் பிள்ளை சம்பூரிலிருந்தே பொறியியலாளராகும் நாள் வருமாயின் இந்த நிதியை வேறு காரியத்துக்கு மாற்றிவிடலாம். அதுவரை பதினாறு வயதுப் பிள்ளையைக் காத்திரு என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. அப்பிள்ளைக்குப் பதினாறு வயது இரண்டாம் முறை வாராது. இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்போரும் உளர். அண்மை ஆண்டுகளிலே சனாதிபதி நிதியம் உயர்தர மாணவர் சிலருக்குக் கல்வி வலயவாரியாக மாதப்பணம் வழங்கத் தொடங்கியிருக்கின்றது. மாவட்டத்தை விட்டு வலயத்தை அலகாகக் கொண்டமை மிக நன்று. மூதூர் தனி வலயமாதலால் அதன் பிள்ளைகள் பட்டினத்தாரோடு போட்டியிடாமலே பெறுகின்றனர். நம் நிதியும் அவ்வழியையே பின்பற்றலாம். அரசாங்கம் கொடுப்பதும் நாம் கொடுப்பதும் சேர்ந்தாலே ஒரு பிள்ளையின் மாதச் செலவு நேராகும்.

விடுதியைப் பற்றி ஒரு சொல். நான் படித்த காலத்திலே விடுதிச்சாலை கல்லூரியின் உயிராக இருந்தது. கொட்டியாபுரத்தார், குச்சவெளியார், தம்பலகாமத்தார் எல்லாரும் ஒரே பந்தியிலே உண்டோம். இன்று பல இடங்களிலே விடுதிகள் மங்கிப்போய், உறவினர் வீடு உள்ள பிள்ளையே பட்டினத்திலே தங்கலாம் என்றாகிவிட்டது. கட்டடம் கட்டவேண்டும் என்று உடனே கல்வெட்டுக்கு ஆயத்தப்படுத்தாதீர்கள். வாடகைக்கு ஒரு வீடு, சமைப்பதற்கு ஓர் அம்மா, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மேசையும் விளக்கும் போதும். பெண்பிள்ளைகளுக்குத் தனியே ஒரு வீடு. இந்நாட்டிலே இன்று பல்கலைக்கழகம் புகுவோரிற் பத்துக்கு ஆறுபேருக்கு மேல் பெண்கள். பழைய மாணவர் சங்கம் என்ற பெயரை நாம் எவ்வளவு குறுக்கிப் பொருள் கொண்டாலும் அவர்களை விட்டுவிட்டு நிதி நடத்துவது நேர்மையாகாது. நமது கல்லூரியிலே படிக்காத சம்பூர்ப் பெண்ணுக்கு நமது பணமா என்று ஒருவர் கேட்டார். அப்பெண்ணின் தமையன் நமது கல்லூரியிலே படித்திருந்தாற் போதும் என்று வேண்டுமானால் விதி எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

தெரிவானவருக்கும் ஒரு தேவை உண்டு. அதையும் நாம் கவனிப்பதில்லை. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழகம் அழைக்கும்வரை நெடுங்காலம் காத்திருக்கவேண்டியிருக்கின்றது. அழைத்த பின்னும், விண்ணப்பம் சரிபார்த்து மகாபொலவின் முதற்பணம் கைக்கு வரும்வரை மாதங்கள் செல்கின்றன. அறை வாடகை, பஸ் கட்டணம், பாய் தலையணை, புத்தகம் யாவும் அந்த மாதங்களிலேதான் நெருக்குகின்றன. வந்தாறுமூலைக்கோ கோணேசபுரி வளாகத்துக்கோ போகும் பிள்ளை ஒருவாறு சமாளிக்கும். றுகுணைக்கோ மொறட்டுவைக்கோ போகும் பிள்ளை என் செய்யும்? அம்மாதங்களுக்கு வட்டியில்லாத கடனாக ஒரு தொகையைக் கொடுத்து, தொழில் பெற்ற பின் திருப்பி வாங்கலாம். பொன்னாடைக்குப் பதிலாக அந்தக் கடிதத்தை மேடையிலே கொடுங்கள், கைதட்டல் குறையாது.

2025 ஏப்பிரல் 5ஆந் தேதி, இந்தியப் பிரதமரும் நம் சனாதிபதியும் கொழும்பிலிருந்தவாறே சம்பூரிலே 120 மெகாவாற் சூரிய மின்னிலையத்தின் வேலையைத் தொடக்கி வைத்தனர். தொலைக்காட்சியிலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பேரன், "தாத்தா, உங்கட ஊர்" என்றான். ஆம், எங்கள் ஊர்தான். அந்த நிலையத்துக்குக் காவலாளிகளும் புல் வெட்டுவோரும் சம்பூரிலிருந்து போவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே கட்டுப்பாட்டு அறையிலே அமரப்போகும் பொறியியலாளர் எவ்வூர்ப் பிள்ளை என்பதையே நான் அறிய விரும்புகின்றேன். அவர் இப்பொழுது ஒன்பதாந் தரத்திலோ பத்தாந் தரத்திலோ இருப்பார். இன்னும் ஓரிரண்டு ஆண்டிலே உயர்தரத்திற் கணிதமா கலையா என்று தீர்மானிப்பார். அத்தீர்மானத்தை அவருடைய அறிவு செய்யுமா, விடுதிப்பணம் செய்யுமா?

செயலாளரோடு நான் பேசியாயிற்று. மூதூர் வலயத்துப் பாடசாலை அதிபர்கள் மூவர், நம் சங்கத்தார் இருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் என ஒரு சிறு குழு அமைத்து, சாதாரண தரப் பெறுபேறு வந்த இரு வாரத்துக்குள் பிள்ளைகளைத் தெரிவு செய்யலாம் என்று எண்ணியிருக்கின்றோம். பெற்றோரின் வருமானப் பத்திரம் கேட்போம். தலைவரின் சிபாரிசுக் கடிதம் கேட்கமாட்டோம். முதலாண்டிலே நான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குரிய இரண்டாண்டுச் செலவை என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டேன். அதனை என் பெயரில் எழுதவேண்டாம், 1965 சனவரியிலே லோஞ்சில் ஏறாத ஒருவர் பெயரில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கின்றேன். அப்பெயரைச் செயலாளர் அறிவார். மற்றை மூன்று இடங்களும் இம்மலர் அச்சேறும் இந்நேரத்திலே இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.